சர்க்கரையும் கிட்னி பாதிப்பும் சேர்ந்த பூனையைக் கைவிட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோய் பற்றியும் சிறுநீரகம் பற்றியும் அடிக்கடி எழுதுகிறீர்கள், எங்கள் வீட்டில் எல்லோரும் விடாமல் படிக்கிறோம். அதே இரண்டு நோயும் வீட்டில் வளர்க்கும் பூனைக்கும் வருகிறது, சில பூனைகளுக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது என்பதை ஒருமுறையாவது எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டது. இடம் போதாமல் சுருக்குவதாக இருந்தால் இன்சுலின் ஊசி பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

எங்கள் முத்துவுக்கு 13 வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, ஒரு காலத்தில் நல்ல கனம். அவனுக்கு இரண்டு நோயும் இருப்பது தெரிந்த அன்றே ஒரு மருத்துவமனையில், "கிட்னி போய்விட்டது, சுகரும் 400ஐத் தாண்டிவிட்டது, வீணாகக் கஷ்டப்படுத்தாமல் ஊசி போட்டு முடித்துவிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு முடிவு சொல்வதும், அதைக் கேட்டு வளர்ப்பவர்கள் மனம் உடைந்து சரி என்று தலையாட்டுவதும் பல ஊர்களில் நடக்கிறது என்று அதன் பிறகு மற்றவர்களிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். இது மாற வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஏன் அந்த முதல் தாளை அப்படியே நம்பக் கூடாது என்று சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கும் பூனை சிறுநீராக நிறைய தண்ணீரை இழக்கிறது, எவ்வளவு குடித்தாலும் உடம்பு வறண்டு போகிறது. உடம்பு வறண்டால் நல்ல கிட்னி உள்ள பூனைக்கே, கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் ரத்தத்தில் ஏறித்தான் காட்டும். அதனால் முதலில் நீரேற்றி, சர்க்கரையை ஓரளவு கீழே கொண்டுவந்து, பூனை நிதானத்துக்கு வந்த பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் கிட்னியின் உண்மை நிலை தெரியும். உலக அளவில் கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ஐரிஸ் அமைப்பின் வகைப்பாடும் இதைத்தான் சொல்கிறது, நீர்ச்சத்து சரியாக இருக்கும் பூனையிடம், ஒரு தடவைக்கு மேல் பார்த்துத்தான் எந்தக் கட்டம் என்று முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கில் கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் கட்டம், 2.9 முதல் 5 வரை மூன்றாம் கட்டம், 5ஐத் தாண்டினால் நான்காம் கட்டம். இரண்டாம் கட்டத்தில் உள்ள பூனைகள் நல்ல கவனிப்பில் வருடக்கணக்கில் வாழ்கின்றன.

இதில் இன்னொரு சிக்கல். சிறிய ஊர்களில் பூனையின் ரத்தத்தை மனிதர்களுக்கான ஆய்வகத்துக்குத்தான் கொடுத்து அனுப்புகிறோம். அங்கே தாளில் அச்சடித்திருக்கும் இயல்பு அளவு மனிதனுக்கானது. பூனைக்கு 1.5 என்பது பெரும்பாலும் இயல்புதான், ஆனால் தாளில் தடித்த எழுத்தில் அதிகம் என்று வரும், பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. சர்க்கரையால் தசை கரைந்து எலும்பும் தோலுமாகிவிட்ட பூனைக்கு கிட்னி கெட்டிருந்தாலும் அளவு குறைவாகவே காட்டலாம். எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனை தசையை அவ்வளவாகச் சார்ந்திருக்காது, வசதி உள்ள ஊரில் அதையும் கேட்டு வாங்குங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரையும் இருந்து, சிறுநீரும் நீர்த்துப் போயிருந்தால் கிருமி சுலபமாகப் புகுந்துவிடும், அதற்கான கல்ச்சர் பரிசோதனையையும் தவிர்க்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு தொற்றே சர்க்கரையையும் ஏற்றி கிட்னியையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் தண்ணீர் குடிப்பது, அதிகம் சிறுநீர் போவது, மெலிவது, இந்த மூன்றும் இரண்டு நோய்க்கும் பொது. எங்கள் தூத்துக்குடி வெயிலில் பூனை தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகராமல் இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் பூனை சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். பின்னங்காலின் குதியைத் தரையில் பதித்து, முயல் உட்கார்ந்த வாக்கில் நடந்தால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது சர்க்கரையால் நரம்பு பாதித்ததாக இருக்கலாம். தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கினால் பொட்டாசியம் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. கெட்ட கிட்னி பொட்டாசியத்தை வெளியே விடுகிறது, இன்சுலினும் அதை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளுகிறது, ஆகவே இரண்டு நோயும் சேர்ந்த பூனைக்கு இது சீக்கிரம் இறங்கும்.

இனி இன்சுலின். இங்கேதான் ஆபத்து அதிகம்.

பூனைக்குப் பரவலாகப் போடும் கிளார்ஜின் இன்சுலின் மனிதர்களுக்கான மருந்துதான், ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும். விலங்குகளுக்கென்றே வரும் சில இன்சுலின்களில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். நம் நாட்டில் மனிதர்களுக்குப் போடும் பாட்டில் இன்சுலினிலும் 40 யூனிட் வகை நிறைய புழக்கத்தில் இருக்கிறது. சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை, 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. இரண்டையும் மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். ஒரு பூனைக்கு ஆரம்பத்தில் கொடுப்பதே பெரும்பாலும் ஒரு வேளைக்கு ஒரு யூனிட், அதுவும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. நான்கு கிலோ உடம்பில் இரண்டரை மடங்கு மருந்து போனால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி வலிப்பு வந்து உயிரே போய்விடும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் என் மாமியாரின் 40 யூனிட் பாட்டிலும் முத்துவின் 100 யூனிட் பாட்டிலும் ஒன்றாக இருக்கின்றன. மாமியார்தான் முதல் நாளே யோசித்து, முத்துவின் பாட்டிலையும் அவனுடைய சிரிஞ்சுகளையும் தனி டப்பாவில் போட்டு மேலே அவன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தார். சர்க்கரைக்காரர் ஒருவர் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் இதை அவசியம் செய்யுங்கள்.

மருந்துக்கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். பூனைக்கு என்று யாராவது இன்சுலின் சிரிஞ்சு கேட்டால், மருந்து எத்தனை யூனிட் வகை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இருப்பதைக் கொடுத்துவிட்டு 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லாதீர்கள். அரை யூனிட் கோடு போட்ட சின்ன சிரிஞ்சு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, பூனைக்கு அந்த அரை யூனிட்டே பெரிய வித்தியாசம், வரவழைத்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

கிட்னியும் கெட்டிருக்கும்போது இன்சுலின் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். உடம்பில் இன்சுலினைக் கரைத்து வெளியேற்றும் வேலையில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்னி மந்தமானால் போட்ட மருந்து கூடுதல் நேரம் தங்கி வேலை செய்யும், நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். கூடவே கிட்னி பாதித்த பூனைக்குக் குமட்டல் வரும், திடீரென்று சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். சாப்பிடாத பூனைக்கு முழு அளவு ஊசி போடவே கூடாது. அதற்காக ஊசியை நாட்கணக்கில் நிறுத்தவும் கூடாது, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேர்ந்து அதுவும் உயிருக்கு ஆபத்தாகும். பாதி சாப்பிட்டால் எவ்வளவு, சுத்தமாகச் சாப்பிடாவிட்டால் எவ்வளவு, வாந்தி எடுத்தால் என்ன செய்வது, இதையெல்லாம் முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு யாரைப் போய்க் கேட்பது? தள்ளாட்டம், மிரண்ட பார்வை, நடுக்கம், சோர்ந்து கிடப்பது தெரிந்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிய பூனையின் வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

இந்த மாதிரி பூனைகளுக்குச் சர்க்கரையை 100, 120 என்று இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மனிதனுக்கு 180ஐத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை இறங்கத் தொடங்கும். பூனைக்கு அந்த எல்லை 250, 300 பக்கம். அதற்குக் கீழே பெரும்பாலான நேரம் இருந்து, தாகம் அடங்கி, எடை குறையாமல் இருந்தால் கிட்னி பாதித்த ஒரு வயதான பூனைக்கு அது நல்ல கட்டுப்பாடுதான். சர்க்கரை கொஞ்சம் ஏறி இருப்பதால் இன்றைக்கே எதுவும் ஆகிவிடாது, இறங்கிப் போனால் இன்றைக்கே ஆகிவிடும்.

மருத்துவமனையில் எடுக்கும் ஒரு அளவை மட்டும் நம்பியும் மருந்தைக் கூட்டக் கூடாது. பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும், நோயே இல்லாத பூனைக்குக்கூட அந்தப் பதற்றத்தில் 300ஐத் தொடும். கூண்டில் அடைத்து, ஆட்டோவில் போய், நாய்கள் குரைக்கும் வராந்தாவில் காத்திருந்து எடுக்கும் அளவு எப்படிச் சரியாக இருக்கும்? வீட்டிலேயே காது மடலின் ஓரத்தில் ஓடும் சின்ன ரத்தக் குழாயில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துவிடலாம். காதைக் கையால் சூடு பண்ணி, பின்னால் ஒரு பஞ்சை வைத்துக்கொண்டு குத்தினால் ரத்தம் வரும், பூனையும் பழகிவிடும். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பொதுவாக உண்மை அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு எப்போதும் ஒரே மீட்டரை வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் எடுக்க முடியாதவர்கள் ஃப்ரக்டோசமின் என்ற பரிசோதனையைக் கேட்கலாம், அது கடந்த ஓரிரு வாரங்களின் சராசரியைச் சொல்லும், அந்த ஒரு நாள் பயம் அதில் தெரியாது.

சாப்பாடுதான் எங்களை அதிகம் குழப்பியது. சர்க்கரை உள்ள பூனைக்கு மாவுச்சத்து குறைவாக, புரதம் நிறைய இருக்க வேண்டும். கிட்னி பாதித்த பூனைக்குப் புரதத்தை அளவாக வைத்து பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும், அதற்கென்று விற்கும் தீவனங்களில் பலவற்றில் மாவுச்சத்து கூடுதலாக இருக்கும். ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்கு ஆகாது. ஒரு மருத்துவர் ஒன்றைச் சொல்வார், அடுத்தவர் இன்னொன்றைச் சொல்வார், இருவரும் அவரவர் நோயை மட்டும் பார்த்தால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். எங்களுக்கு வழிகாட்டிய மருத்துவர் இதை அழகாகத் தீர்த்தார். முதல் விதி, பூனை சாப்பிட வேண்டும். எந்த உணவு உசத்தி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுத்துவிடும். கிட்னி ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் மாவுச்சத்து குறைந்த, பாஸ்பரஸும் குறைந்த ஈரமான டின் உணவு, பாஸ்பரஸ் அளவு ரத்தத்தில் ஏறினால் சாப்பாட்டோடு கலந்து அதைப் பிடித்துக்கொள்ளும் மருந்து. மூன்றாம் கட்டத்தைத் தாண்டினால் கிட்னி உணவுக்கு முன்னுரிமை, அதனால் சர்க்கரை கொஞ்சம் கூடினால் இன்சுலினைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். எந்த மாற்றத்தையும் மெதுவாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் உணவில் மாவுச்சத்து குறைந்த வேகத்தில் சர்க்கரையும் இறங்கும், பழைய அளவு ஊசியையே போட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து.

நம் வீடுகளில் பூனைக்குக் காலங்காலமாக வைப்பது பால்சோறு, தயிர்சோறு, மீன் குழம்புச் சோறு, கருவாடு. ஆசையாகத்தான் வைக்கிறோம். ஆனால் பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னப் பிறந்த உயிர், சோற்றில் உள்ள மாவுச்சத்தைச் சமாளிக்கும் உடம்பு அதற்கு இல்லை. கருவாட்டில் உப்பும், முள்ளோடு தின்னும்போது பாஸ்பரஸும் அதிகம், கிட்னியும் ரத்த அழுத்தமும் உள்ள பூனைக்கு அது வேண்டவே வேண்டாம். முத்துவுக்கு நெத்திலிக் கருவாடு என்றால் உயிர், அதை நிறுத்தியபோது அவன் அடுப்படி வாசலில் நின்று கத்தியது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது உப்பில்லாமல் அவித்த கோழி நெஞ்சுக்கறியில் ஒரு துண்டு, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு, அவ்வளவுதான். தீவனம் வாங்க வசதி இல்லாதவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், அவர்களும் இருக்கிற மீனையும் கோழியையும் எந்த அளவில் எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம், சோற்றைக் குறைப்பதற்குச் செலவு கிடையாது.

ரத்த அழுத்தத்தை யாருமே பார்ப்பதில்லை என்பது என் பெரிய வருத்தம். கிட்னி பாதித்த பூனைகளில் நிறைய பூனைகளுக்கு அழுத்தம் ஏறும். மேல் அளவு 160ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 180 என்றால் கண், மூளை எல்லாவற்றுக்கும் ஆபத்து. ஒரு நாள் காலையில் பூனை சுவரில் முட்டிக்கொண்டு நடந்தால்தான் பலருக்குத் தெரிகிறது, அதற்குள் விழித்திரை பிரிந்து பார்வை போயிருக்கும். இதற்கான மருந்து அம்லோடிபின், எந்தக் கடையிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை, வழக்கமாகப் பூனைக்கு 2.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கிலிருந்துதான் தொடங்குவார்கள். அழுத்தத்தை அளந்து பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் கொடுக்க வேண்டும், அளக்காமல் கொடுப்பது தவறு.

அதே போல, வீட்டில் இருக்கும் மனிதர்களின் சர்க்கரை மாத்திரையைப் பூனைக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். மெட்ஃபார்மின் கிட்னி வழியாகத்தான் வெளியேறும், கிட்னி கெட்ட பூனையின் உடம்பில் அது தேங்கிவிடும். காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுத்தால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும், அதைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஆவாரம்பூக் கஷாயம், சிறுகுறிஞ்சான் பொடி, நெருஞ்சில் தண்ணீர் என்று அக்கறையோடு சொல்பவர்கள் பலர். மனிதனின் கல்லீரல் தாங்குவதைப் பூனையின் கல்லீரல் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. அப்புறம், அரிப்புக்கும் தோல் புண்ணுக்கும் போடும் நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி பூனைக்குச் சர்க்கரையைக் கிளப்பிவிடும். ஏற்கெனவே சர்க்கரை இருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் வாசலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் மூலம் பூனைக்கான சர்க்கரை மாத்திரை வரவழைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் பெக்ஸாகாட் என்ற மாத்திரைக்கும் 2023இல் சென்வெல்கோ என்ற திரவ மருந்துக்கும் அங்கே அனுமதி கிடைத்தது உண்மைதான். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதே இவற்றின் வேலை. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்ட பூனைக்கு பெக்ஸாகாட் கொடுக்கக் கூடாது, கிட்னி, கல்லீரல், கணையம் மூன்றையும் பரிசோதித்த பிறகே தொடங்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. இரண்டு நோயும் சேர்ந்த பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

உடம்பு வறளாமல் இருக்க, தோலுக்கடியில் ஆர்எல் என்ற உப்புநீர்க் கரைசல் ஏற்றுவதை வீட்டிலேயே செய்ய எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கழுத்துக்குப் பின்னால் தோலைக் கூடாரம் போலத் தூக்கி ஊசியைச் செலுத்தினால் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், மாமியார் மடியில் வைத்துக்கொள்வார், நான் போடுவேன். இதயக் கோளாறு இருக்கும் பூனைக்கு இது ஆகாது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செலவைப் பொறுத்தவரை, பொய் சொல்ல மாட்டேன், செலவு இருக்கிறது. பூனைக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. முடியாதவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, உண்மையிலேயே மிகவும் முற்றி, துன்பத்தில் கிடக்கும் பூனைக்கு வலியில்லாமல் விடைகொடுப்பதும் சரியான முடிவுதான். அந்த முடிவை முதல் நாள், முதல் தாளைப் பார்த்து எடுக்க வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அரசிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் ஊர்களில் நல்ல சிகிச்சை வசதி இருக்கிறது. ஆனால் நாள்பட்ட நோயுள்ள பூனையைக் கூண்டில் வைத்துக்கொண்டு அடிக்கடி பஸ்ஸில் அவ்வளவு தூரம் போவது எல்லோராலும் முடியாது. மாவட்டத் தலைநகரங்களில் உள்ள கால்நடை பன்முக மருத்துவமனைகளில் சிறு பிராணிகளுக்கு ரத்த அழுத்தம் அளக்கும் கருவி ஒன்று, ரத்தத்தையும் சிறுநீரையும் பூனைக்குரிய அளவுகோலோடு பரிசோதிக்கும் வசதி, இரண்டும் இருந்தால் போதும். இன்சுலின் எழுதிக் கொடுக்கும்போது மருந்துச் சீட்டில் 40ஆ 100ஆ, சிவப்பு மூடியா ஆரஞ்சு மூடியா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கால்நடை பராமரிப்புத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அதற்குச் செலவே இல்லை.

உங்களிடம் கேட்பது, மாதம் ஒரு முறையாவது கால்நடை மருத்துவர் ஒருவரை வைத்து வாசகர் கேள்விகளுக்குப் பதில் போடுங்கள். முதல் கேள்வியாக இதைப் போடலாம்: கிளார்ஜின் போடும் பூனைக்கு காலையில் சாப்பாடு இறங்கவில்லை, கிரியாட்டினின் 3.2, அன்றைக்கு எவ்வளவு போட வேண்டும், எத்தனை மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்? வேலைக்குப் போகும் நேரத்தில் இந்தக் கேள்வியோடு நிற்கும் வீடு எங்கள் தெருவிலேயே இன்னொன்று இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தூத்துக்குடி